வெயிலை அளந்த நாள்

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்திலிருந்து நான் ஓய்வுபெற்ற அன்று, கேக் வெட்டி முடிந்த பிறகு உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "இத்தனை வருசத்தில மறக்க ஏலாத நாள் எது அக்கா?" வெள்ளத்தின்போது ஆய்வுகூடத்தை மேல்மாடிக்கு மாற்றிய கதையைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினீர்கள். அது பொய்யில்லை. ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்ட நாள் அதுவல்ல. அதை அன்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருடம் முன்னர் நடந்தது. சிறுபோக நெல்வேளாண்மைக் காலம். பழுகாமத்துக்கு அப்பால் உள்ள ஒரு வயல் வட்டையில் கூலிக்கு மருந்தடிக்கும் பதினெட்டுப் பேரின் இரத்தத்தைப் பரிசோதிக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். பூச்சிமருந்தில் ஒரு வகை நரம்பைப் பிடிக்கும். நரம்பு ஒரு தசைக்குக் கட்டளை கொடுத்தால், வேலை முடிந்ததும் அந்தக் கட்டளையைத் துடைத்தெடுக்க இரத்தத்திலும் உடலிலும் ஒரு நொதியம் இருக்கிறது. மருந்து அதைக் கட்டிப்போடும். துடைக்க ஆளில்லாமல் கட்டளைகள் குவியும். எச்சில் ஊறும், கண் மங்கும், கடைசியில் மூச்சு நிற்கும். ஆளுக்கு ஆள் அந்த நொதியத்தின் அளவு வேறுபடும் என்பதால், போகம் தொடங்குமுன் பதினெட்டுப் பேரையும் ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து, குளிரூட்டிய அறையில் இருபத்தைந்து பாகையில் அளந்து வைத்திருந்தோம். அந்த அளவு ஒவ்வொருவருக்கும் நூறு. அது எழுபதுக்குக் கீழே போனால் அவர் முதுகில் சுமக்கும் மருந்து டாங்கியைத் தொடக்கூடாது.

இரண்டாவது தடவை நாங்கள் அவர்களிடம் போனோம். மருந்தடிக்கிற நாளில் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால் யார் வருவார்கள்? ஆகவே பேட்டரியில் ஓடும் சிறு கருவி ஒன்றையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு, பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனேன். என்னுடன் சாரதி மட்டும்.

வெப்பம் கூடினால் நொதியம் வேகமாக ஓடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். நாங்கள் பாவித்த முறையில், பத்துப் பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஆகவே வெளியில் எடுத்த அளவை இருபத்தைந்து பாகைக்குத் திருத்தினால்தான் பழைய அளவோடு ஒப்பிடலாம். அந்தக் கணக்கை நானே மடிக்கணினியில் அமைத்திருந்தேன். மேலே ஒரு கட்டம். அதில் வெப்பநிலையைக் கொடுத்தால் கீழே எல்லாப் பெயருக்கும் தானாகத் திருத்தும். பெயர்களை அகரவரிசையில் அடுக்கி அழகான அறிக்கையும் தரும். அதைப் பார்த்த பலர் மெச்சினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

காலை எட்டு மணிக்கு அந்த ஊர்ப் பலநோக்குக் கட்டடத்தில் மேசை போட்டேன். சுவரில் வெப்பமானியைத் தொங்கவிட்டேன். இருபத்தேழு. கட்டத்தில் இருபத்தேழு என்று கொடுத்தேன். கொன்ட்ரோல் ஓட்டினேன். கருவி சரியா என்று பார்க்க, அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு பரிசோதனை மாதிரி அது. நூறு வரவேண்டும், நூற்றொன்று வந்தது. எல்லாம் சரி.

அன்று கச்சான் வீசியது. மேற்கேயிருந்து வரும் அந்தக் காற்றை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அடுப்பு வாயிலிருந்து வருவது போல இருக்கும். கட்டடத்துக்குத் தகரக் கூரை. பத்து மணிக்கெல்லாம் என் சேலைத் தலைப்பு ஈரமாகிவிட்டது. விசிறி இல்லை. வெளிச்சம் போதாதென்று மேசையை மேற்கு யன்னலுக்கு அருகே நகர்த்தினேன். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். சுவரில் தொங்கிய வெப்பமானியை நான் இரண்டாவது தடவை பார்க்கவேயில்லை.

தவராசா என்பவர் பதினொன்றரை மணிக்கு வந்தார். காலையில் இரண்டு வயலுக்கு மருந்தடித்துவிட்டு நேரே வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கூட அவர் மனைவி யோகேஸ்வரி, கையில் சோற்றுப் பார்சலோடு.

"மிஸ், கண் கொஞ்சம் மங்கி, புகாரா இரிக்கி," என்றார் தவராசா.

"நேத்து ராவும் ஒழுங்கா சாப்பிடல்ல மிஸ்," என்றார் யோகேஸ்வரி. "வாயில தண்ணி ஊறுது எண்டு துப்பிக்கிட்டே கிடந்தவர்."

விரலில் குத்தி இரத்தம் எடுத்தேன். கருவி காட்டியது, கணக்கு திருத்தியது. தொண்ணூற்றிரண்டு.

நான் என்ன சொன்னேன் என்பதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். "வெயிலுக்குப் பித்தம் ஏறியிரிக்கும். இரத்தம் நல்லா இரிக்கி. பயப்பட ஒண்டுமில்ல."

"அப்ப நாளைக்கும் அடிக்கலாமா மிஸ்? அறக்கொட்டிப் பூச்சி விழுந்திட்டு, விட ஏலாது."

"ஓம், அடிக்கலாம்."

அவர் சிரித்தார். மனைவியைப் பார்த்து, "கேட்டாயா?" என்றார்.

பன்னிரண்டரைக்குப் பதினெட்டுப் பேரும் முடிந்தார்கள். வேலை முடிவிலும் கொன்ட்ரோல் ஓட்ட வேண்டும். ஓட்டினேன். நூற்று நாற்பத்தொன்பது வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நூறு காட்ட வேண்டியது நூற்று நாற்பத்தொன்பது காட்டுகிறது. எனக்குப் பசி, தலைவலி, சாரதி வாகனத்தைத் திருப்பி வைத்துக் காத்திருக்கிறார். குளிர்ப்பெட்டியில் ஐஸ் உருகிக் கிடந்தது. நான் பேனாவை எடுத்து, பதிவேட்டில், "கொன்ட்ரோல் வெயிலில் பழுதாகிவிட்டது" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

மறுநாள் காலை பதினொரு மணியளவில், ஆய்வுகூடத்தில் பெரிய இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நஸீரா என்னைக் கூப்பிட்டாள். காத்தான்குடிப் பிள்ளை. பத்து வருடமாக என்னோடு வேலை செய்தவள்.

"அக்கா, ஒங்கட நேத்தைய லிஸ்ட்ல தவராசா எண்டு ஒரு ஆள் இரிக்கா?"

"ஓம். ஏன்?"

"அவசரப் பிரிவுக்கு வந்திரிக்கார். வயலுக்குள்ள விழுந்திட்டாராம். இதப் பாருங்க."

திரையில் இருந்தது, நொதியம் கிட்டத்தட்ட இல்லவேயில்லை என்று சொல்லும் எண். இயந்திரம் பிழை என்றேன். அவள் மீண்டும் ஓட்டினாள். அதே எண். குழாய் மாறிவிட்டது என்றேன். அவள் பெயரைக் காட்டினாள். மூன்றாவதாக நான் சொன்னது என்ன தெரியுமா? "நேத்து இந்த மனிசனுக்குத் தொண்ணூற்றிரண்டு. ஒரு நாளில இப்படி விழாது."

அதையே அவசரப் பிரிவு வைத்தியரும் யோசித்திருந்தார். தவராசா நேற்றுப் பரிசோதிக்கப்பட்டவர் என்று கூட வந்த யாரோ சொல்ல, வைத்தியர் என் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். நேற்று நன்றாக இருந்தவர் இன்று இப்படிக் கிடந்தால் அவருக்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது. விபரம் கேட்க நான் கீழே ஓடிப்போனபோது, கதவடியில் நின்று யோகேஸ்வரியிடம் அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மறைக்காமச் சொல்லுங்க. வீட்டில ஏதும் சண்டையா? அவர் மருந்தக் குடிச்சாரா?"

"ஐயோ இல்ல டொக்டர்!" யோகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டார். "அவர் ஏன் குடிக்கிற? டாங்கி ஒழுகினது டொக்டர், முதுகெல்லாம் நனைஞ்சு..."

"நேற்று இரத்தம் சரியா இருந்திருக்கு அம்மா. அடிச்சதால மட்டும் இவ்வளவு வராது."

அவர்மேல் பிழையில்லை. என் எண்ணை நம்பினார். என் எண்ணை நம்பினால் அந்தப் பெண்ணை நம்ப முடியாது. யோகேஸ்வரி அப்போது என்னைக் கண்டார். "மிஸ், நீங்க சொல்லுங்க மிஸ்! நேத்து நீங்கதானே பாத்தீங்க!"

திரும்பி மேலே ஏறினேன்.

பதிவேட்டை விரித்தேன். நஸீரா பக்கத்தில் வந்து நின்றாள். அச்சடித்த அறிக்கையில் பெயர்கள் அகரவரிசையில் இருந்தன. எண்கள் தொண்ணூறு, எண்பத்து நான்கு, தொண்ணூற்றேழு, எண்பத்தாறு என்று மேலும் கீழுமாக, பார்ப்பதற்கு மனிதர்களின் எண்கள் போலவே இருந்தன. பதிவேட்டிலோ வந்த வரிசை இருந்தது. நான் அந்த வரிசையில் எண்களை ஒரு தாளில் எழுதினேன். எண்பத்து நான்கு. எண்பத்தாறு. எண்பத்தாறு. எண்பத்தெட்டு. தொண்ணூறு. போகப் போக ஏறியது. கடைசி ஆள் தொண்ணூற்றேழு.

"இது என்னக்கா, படி கட்டின மாதிரி?" என்றாள் நஸீரா.

மனித இரத்தம் வரிசையில் நின்ற ஒழுங்குப்படி ஏறாது. ஏறியது ஒன்றே ஒன்றுதான். நாங்கள் அந்தப் பதினெட்டுப் பேரை அளக்கவேயில்லை. தகரத்துக்கு மேலே ஏறிய வெயிலை அளந்திருந்தோம். கடைசியாக வந்தவர்கள் யார்? காலையில் மருந்தடித்துவிட்டு வந்தவர்கள். அதிகம் நனைந்தவர்களுக்கு அதிக வெயில் கிடைத்தது. அதிக வெயில் அவர்களுக்கு நல்ல எண்ணைக் கொடுத்தது.

பிறகு என் கண் பதிவேட்டின் கடைசி வரிக்குப் போனது. கொன்ட்ரோல் வெயிலில் பழுதாகிவிட்டது. கீழே என் கையொப்பம்.

பழுதான நொதியம் மெதுவாகத்தான் ஓடும். சூட்டில் கெட்டால் எண் குறையும். ஒருபோதும் ஏறாது. இதை நான் முப்பது வருடத்துக்கு மேலாக அறிவேன். பயிற்சிக்கு வந்த எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! அந்தக் கொன்ட்ரோல் கெட்டுப்போகவில்லை. "இங்கே பத்துப் பாகை கூடிவிட்டது, உன் கட்டத்தில் இன்னும் இருபத்தேழு இருக்கிறது" என்று அது என்னிடம் கூவியிருக்கிறது. நான் அதன்மேல் பழியைப் போட்டுக் கையொப்பம் வைத்திருக்கிறேன். சூத்திரத்தில் பிழையில்லை, கருவியில் பிழையில்லை. தவராசாவின் தொண்ணூற்றிரண்டை ஏறத்தாழ ஒன்றரையால் பிரித்தேன். அறுபத்தொன்று. நேற்று நான் "அடிக்கலாம்" என்று சொன்ன மனிதனின் அளவு.

நஸீரா ஒரு கதிரையை என் பின்னால் தள்ளினாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் எழும்பியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

கீழே போய் வைத்தியரிடம் சொன்னேன். "டொக்டர், என்ர அறிக்கை பிழை. நேத்து அவருக்கு அறுபத்தொண்டு மட்டிலதான். அந்த அம்மா சொல்றது உண்மையாத்தான் இரிக்கும்."

அவர் உடனே திரும்பித் தாதியிடம், "உடுப்பு எல்லாம் கழற்றினதா?" என்று கேட்டார். சட்டை கழற்றியிருந்தது. குடித்தவர் என்று நினைத்து வயிற்றைக் கழுவுவதில்தான் எல்லோருடைய கவனமும் போயிருந்தது. மருந்தில் ஊறிய சாரம் இன்னும் அவர் இடுப்பில் ஒட்டிக்கிடந்தது. அந்தச் சாரத்தை வெட்டியெடுத்து, சவர்க்காரம் போட்டு அவர் முதுகையும் தொடையையும் கழுவினார்கள். நான் சுவரோடு சாய்ந்து நின்று பார்த்தேன். அவ்வளவு நேரமும் மருந்து தோலுக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பிழையான எண் ஒரு நனைந்த துணியை ஒரு மனிதன் உடம்பில் வைத்திருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

இன்னும் பதினேழு பேர் இருந்தார்கள்.

இந்தப் பரிசோதனை வேலைத்திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். நல்ல மனிதர். "அவசரப்படாதீங்க," என்றார். "நாளைக்குப் போய்த் திரும்ப அளந்து, சரியான எண்ணோட சொல்லுவம். இப்ப பிழையெண்டு சொன்னா அடுத்த முறை ஒரு ஆளும் வராது." நஸீராவும் தயங்கினாள். "காலையில வந்த ஆக்களுக்குப் பிழை குறைவுதானே அக்கா? மணிக்கணக்க வச்சுக் கணக்குப் பாத்தா, யாருக்கு ஆபத்தெண்டு பிரிக்கலாமே?"

பிரிக்கலாம். எட்டு மணிக்கு இருபத்தேழு, பன்னிரண்டரைக்கு முப்பத்தேழு. நடுவில் ஒரு கோடு கீறினால் ஒவ்வொருவருக்கும் ஒரு வெப்பநிலை கிடைக்கும். அழகான கணக்கு. ஆனால் மேசையை நகர்த்தியது எத்தனை மணிக்கு? காற்று எப்போது வலுத்தது? எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் கோடு கீறித்தான் ஏற்கனவே ஒருவரை விழுத்தியிருந்தேன். அளவு தெரியாவிட்டால் ஆபத்து என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அப்போது எனக்கு இருந்த தெளிவு.

கமக்காரர் சங்கச் செயலாளருக்கு எடுத்தேன். "நேத்து வந்த எல்லாரையும் வயல விட்டு ஏத்துங்க. ஒருத்தரும் மருந்தடிக்க வேணாம்."

"என்ன மிஸ் விளையாடுறீங்களா? நேத்து நல்லம் எண்டீங்க, இண்டைக்கிக் கூடா எண்டுறீங்க. நாங்க எத நம்புற?"

"நான் பிழை விட்டிட்டன். என்ர எண்ண நம்ப வேணாம். தவராசா இப்ப மூச்சு மெசினில கிடக்கார், அத நம்புங்க."

"இப்பவே போறன்," என்றார்.

அதிகாரியின் அனுமதியை நான் எதிர்பார்க்கவில்லை. பின்னர் அதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. வாகனத்தையும் ஐஸ் நிறைந்த பெட்டியையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் பாலத்தைக் கடந்தேன். செயலாளர் மோட்டார் சைக்கிளில் வரம்பு வரம்பாகப் போய் ஆட்களைக் கூட்டி வைத்திருந்தார். வாகனத்தால் இறங்கியதும் அவர்கள் முன்னால் நின்று சொன்னேன். "நேத்து நான் சொன்னது பிழை. உங்களுக்கு நடந்தத நீங்க சொல்லுங்க." ஒருவர் பின் ஒருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். தலையிடி, கை நடுக்கம், கண் புகார். நேற்றும் இதையெல்லாம் சொல்லியிருப்பார்கள், நான் கேட்டிருந்தால். ஒருவர் மருதமரத்தடியில் குந்தியிருந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவரை எங்கள் வாகனத்தில் ஏற்றினோம். மற்றவர்களின் இரத்தத்தை ஐஸில் கொண்டுவந்து, ஆய்வுகூடத்தில், இருபத்தைந்து பாகையில் நஸீரா ஓட்டினாள். வாகனத்தில் வந்தவரோடு சேர்த்து நான்கு பேர் எழுபதுக்குக் கீழே.

அந்த நான்கு பேரும் பிழைத்தார்கள். தவராசா ஆறு நாள் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார். அந்த ஆறு நாளும் நான் வேலைக்கு வந்தேன், எண்களை எழுதினேன். ஒவ்வொரு எண்ணையும் எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது. ஏழாம் நாள் குழாயை எடுத்தார்கள். மூச்சு அவருடையதாக வந்தது.

அறிக்கை எழுதும்போது ஒருவர் எனக்கு நல்லது நினைத்துச் சொன்னார்: "கருவிக் கோளாறு எண்டு போடுங்க, முடிஞ்சிரும்." நான் போடவில்லை. என்னை நேர்மையானவள் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். கொன்ட்ரோல்மேல் ஒரு தடவை பழி போட்டுப் பார்த்துவிட்டேன்; இன்னொரு பொருள்மேல் போட எனக்குக் கை வரவில்லை. இப்போது உங்கள் வெளிக்களப் படிவத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நேரமும் வெப்பநிலையும் கேட்கிறார்களே, சிலர் அதை வீண் வேலை என்று முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். அது அந்த அறிக்கையில் இருந்து வந்தது. கொன்ட்ரோல் ஒத்துவராவிட்டால் ஆட்களை வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பதும். வெப்பநிலைக்குப் பக்கத்தில் "அவர் சொல்வது" என்றொரு கட்டம் வேண்டும் என்றும் எழுதினேன். அதை மட்டும் சேர்க்கவில்லை. நீங்கள் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தவராசா சாதாரண விடுதிக்கு வந்த பிறகு போய்ப் பார்த்தேன். நடந்ததை அவரிடம் முழுவதும் சொன்னேன். பத்துப் பாகை, ஒன்றரை மடங்கு, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி மிஸ். தப்பிட்டம்தானே," என்றார். குரல் இன்னும் தெளியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

யோகேஸ்வரி என்னோடு வெளி நடைபாதை வரை வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"மிஸ், டொக்டர் கேட்டதும் நான் இல்ல இல்ல எண்டு கத்தினன்தானே."

"ஓம். நான் கேட்டன்."

"மறுகா அங்கால போய், வீட்டுக்குப் போன் எடுத்தன். மகளிட்டச் சொன்னன், வீட்டுக்குப் பின்னால மருந்துப் போத்தல் ஏதும் திறந்து கிடக்கா எண்டு பாருடி எண்டு." அவர் சேலைத் தலைப்பை முறுக்கினார். "டாங்கி ஒழுகினத என்ர கண்ணால கண்டனான் மிஸ். நேத்து நல்லா இருந்த மனிசன் எண்டு எல்லாரும் சொல்லச் சொல்ல, குடிச்சித்தான் போட்டார் போல எண்டு நினைச்சிட்டன். அவர் மெசினில கிடக்கக்குள்ள, என்ன விட்டிட்டுப் போகப் பாத்தியே எண்டு மனசுக்குள்ள ஏசினன்."

முறுக்கிய தலைப்பை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவருக்கு நீங்க எல்லாத்தையும் சொல்லிட்டீங்க," என்றார் யோகேஸ்வரி. "இத மட்டும் சொல்லிராதீங்க."

அடுத்த நாள் பதிவேட்டில் தொண்ணூற்றிரண்டைச் சிவப்பு மையால் வெட்டி, அறுபத்தொன்று என்று எழுதி, பக்கத்தில் என் கையொப்பத்தை வைத்தேன். அந்தப் பக்கம் இப்போதும் உங்கள் அலுமாரியில்தான் இருக்கிறது. யோகேஸ்வரி மனசுக்குள் ஏசியதைத் திருத்த எந்தப் பதிவேட்டிலும் இடமிருக்கவில்லை.